தீவகக் கமக்காரருக்கு: நிலத்தின் அமைப்பும் அது தரும் பயன்களும்

கமக்காரர்களே!

ஒரே மழையைப் பெற்று, ஒரே வெயிலிற் காய்ந்து, இரண்டு மூன்று வேலிகள் மாத்திரமே இடைவிட்டு நிற்கும் இரு கிணறுகளுள் ஒன்று நன்னீர்க் கிணறாகவும் மற்றையது உவர்க் கிணறாகவும் இருப்பதைத் தீவகத்தில் வாழும் நீங்கள் அறிவீர்கள். ஒரு தோட்டத்தில் வெங்காயம் பச்சைப்பசேலென்று நிற்க, அடுத்த தோட்டத்தில் அதே வெங்காயம் தாள்நுனி கருகி நிற்பதையும் கண்டிருப்பீர்கள். இதனை அதிட்டம் என்று கூறி விட்டுவிடுதல் எளிது. ஆனால், பெரும்பாலும் இதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பேயாகும். மணல்மேடு எங்கே உள்ளது, குளம் எங்கே உள்ளது, பனையும் வேலியும் எப்பக்கம் நிற்கின்றன, தரவை எவ்வளவு அகலமானது, கடல் எவ்வளவு தூரத்தில் உள்ளது, இவை ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புற்றுள்ளன என்பனவே உங்கள் கிணற்றையும் பயிரையும் தீர்மானிக்கின்றன.

இயற்கை நமக்குக் குடிநீர், குழை, மேய்ச்சல், காற்றுத் தடுப்பு, மீன், இறால் முதலிய பல பயன்களைத் தருகின்றது. இவை ஒவ்வொன்றும் தனித்தனி இடத்திலிருந்து வருவனபோலத் தோன்றும். உண்மையில் இவை இடங்களின் சேர்க்கையினாலேயே விளைகின்றன. ஆகையால் ஓரிடத்தை மாற்றினால் வேறோரிடத்திற் பயன் குறையக்கூடும். இதனை விளக்கி, உங்கள் காணியில் எதனைச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்று கூறுவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

தீவகத்தின் தரை

வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய பெருந்தீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, மண்டைதீவு, காரைநகர், நெடுந்தீவு ஆகியவற்றின் அடித்தளம் சுண்ணாம்புக் கல்லாகும். இங்கு மலையும் இல்லை, ஆறும் இல்லை. நெடுந்தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். நயினாதீவின் பரப்பு ஏறத்தாழ 4 சதுர கிலோமீற்றர் மாத்திரமே. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றுடன் பெய்துவிடுகின்றது. அந்தச் சில வாரங்களில் நிலம் சேமித்துக்கொள்ளும் நீரே எஞ்சிய மாதங்களுக்கு முதலாகும்.

பார்வைக்குத் தரை முழுவதும் தட்டையாகத் தோன்றினாலும், இரண்டு மூன்று அடி உயர வேறுபாடே இங்கு பெரிய வேறுபாடாகும். சற்று உயர்ந்த இடம் தோட்டமும் குடியிருப்பும். சற்றுத் தாழ்ந்த இடம் வயல். அதனினும் தாழ்ந்த இடம் குளம் அல்லது தரவை. அமைதியான கரையிற் கண்டல். காற்றும் அலையும் மோதும் கரையில் மணல்மேடு. நம் முன்னோர் இந்த ஒழுங்கைக் கண்டறிந்து, அதற்கு ஏற்பவே வீடுகட்டினர், வேலியடைத்தனர், குளந்தோண்டினர். இவ்வொழுங்கு குலையும்போது எவ்வெப் பயன்கள் குறைகின்றன என்பதை இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

நிலத்தடியில் மிதக்கும் நன்னீர்

தீவின் அடியில் உள்ள கல்லும் மணலும் கடல்நீரில் ஊறியிருக்கின்றன. மழைநீர் மேலிருந்து இறங்கும்போது கடல்நீருடன் உடனே கலந்துவிடுவதில்லை. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரை பங்கு பாரம் கூடியது. ஆதலால் நன்னீர் அதன்மேல் மிதந்து நிற்கின்றது. தீவின் நடுவிற் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும், ஒரு வில்லையின் வடிவில் அது அமைகின்றது. இந்த உண்மையை ஒல்லாந்தரான பாடன் கைபென் என்பவர் 1880-களின் இறுதியிலும், ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் என்பவர் 1901-இலும் தனித்தனியே எடுத்துக்காட்டினர்.

அவர்கள் கண்ட கணக்கு எளியது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் நிற்கும். உண்மை நிலத்தில் இரண்டு நீருக்கும் இடையே கலப்பு நீர்ப் படையொன்று இருப்பதால் இவ்வளவும் குடிநீராகாது. எனினும் கணக்கின் கருத்தை மறவாதீர்கள். நீர்மட்டம் மேலே 3 அங்குலம் இறங்கி அவ்வாறே நிலைத்துவிட்டால், கீழே உவர்நீர் காலப்போக்கில் 10 அடி ஏறிவிடும். கிணற்றின் மேற்புறத்திற் சிறிதாகத் தோன்றும் குறைவு அடியிற் பெரும் குறைவாகும்.

இதிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படும்.

முதலாவது: "நீர் வற்றினால் கிணற்றை ஆழமாக்கு" என்னும் வழக்கம் தீவகத்துக்குப் பொருந்தாது. ஆழமாக்குவது உவர்நீரை நோக்கிச் செல்வதாகும். குழாய்க் கிணறும் அத்தகையதே.

இரண்டாவது: ஒரே கிணற்றிலிருந்து வேகமாக நீரிறைத்தால், அக்கிணற்றுக்கு நேர்கீழே உள்ள உவர்நீர் கூம்புபோல் மேலெழும். துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் மனிதனின் தோள்வலிமையே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. கிணறு ஊறுவதற்கும் ஓய்வு கிடைத்தது. இயந்திரத்துக்குத் தோள்வலி இல்லை. ஆகையால் அந்த எல்லையை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது: நன்னீர் வில்லைக்கு வேலியில்லை. உங்கள் கிணறும் அயலவர் கிணறும் ஒரே நீரையே பகிர்ந்துகொள்கின்றன. மாலைதீவின் தலைநகராகிய மாலேயில், நெருக்கமாகக் குடியேறிய மக்கள் ஒவ்வொருவரும் தத்தம் கிணற்றிலிருந்து இறைத்தமையால் வில்லை மெலிந்து நீர் கெட்டது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து அங்கு கடல்நீரைச் சுத்திகரித்தே குடிநீர் பெறவேண்டியதாயிற்று. செலவு மிகுந்த அத்தகைய நீரைக் குடிப்பதற்குப் பயன்படுத்தலாம். வெங்காயப் பாத்திக்குப் பாய்ச்சிக் கட்டுப்படியாகாது.

நயினாதீவை எடுத்துக்கொள்ளுங்கள். நாகபூஷணி அம்மன் ஆலயத்தின் பெருவிழா ஆனி மாதத்தில் நடைபெறுகின்றது. அது கோடைக்காலம். நீர் குறைந்துவரும் அம்மாதத்திலேயே அடியார் கூட்டம் பெருந்தொகையாக வந்துசேருகின்றது. தீவோ சிறியது, வில்லையோ மெல்லியது. அங்கு தோட்டஞ் செய்வோர் ஆனியில் இறைப்பு மிகுதியாக வேண்டாதவாறு பயிர்க்காலத்தை அமைத்துக்கொள்வது ஊருக்கும் அடியாருக்கும் செய்யும் உதவியாகும்.

மணல்மேடு ஒரு நீர்த்தொட்டி

வேலணைத் தீவில் மண்கும்பான், அல்லைப்பிட்டி, சாட்டி ஆகிய இடங்களின் மணற்பாங்கான நிலத்தில் நன்னீர் கிடைப்பது யாவரும் அறிந்ததே. சாட்டிக் கிணறுகளின் நீர் அயல் ஊர்களுக்கும் குடிநீராகப் பயன்பட்டு வந்துள்ளது. மணலில் நல்ல நீர் இருப்பதற்குக் காரணம் யாது?

சுண்ணாம்புக் கல்லில் வெடிப்புகளும் பொந்துகளும் உண்டு. அவற்றில் இறங்கும் மழைநீர் விரைவாகக் கடலை நோக்கி ஓடிவிடும். மணலிலோ நுண்ணிய இடைவெளிகளே உள்ளன. அது மழையை ஒரு துளியும் ஓடவிடாது உறிஞ்சி, மெல்ல மெல்லவே வெளியே விடுகின்றது. மணல்மேட்டின் உயரம் எவ்வளவோ அவ்வளவுக்கு நீர் நிற்க இடமுண்டு. மேட்டின் மணலை அள்ளிவிட்டால் நீர் நிற்கும் இடம் குறைவதோடு, நீர்மட்டம் தரைக்கு அண்மையில் வந்து வெயிலில் ஆவியாகியும் போகின்றது. எனவே, ஒரு பார ஊர்தி மணலை விற்பவர் தொட்டியின் சுவரையே விற்கிறார் என்று கொள்ளலாம். அம்மணல் அள்ளப்படும் இடம் ஒன்று. நீர் கெடும் கிணறு வேறொன்று. ஆதலினாலேயே நட்டம் யாரால் வந்தது என்பது பலருக்குத் தெரியாமற் போகின்றது.

மணல்மேட்டை நிலைநிறுத்துவன அதன்மேல் வளரும் செடிகொடிகளாகும். அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் முன்னணியில் நின்று மணலைப் பிடிக்கின்றன. அவற்றின் பின்னே தாழையும் பனையும் நிற்கின்றன. இவற்றை வெறும் பற்றை என்று எண்ணி வெட்டி எரித்தல் ஆகாது.

கடல் கொந்தளிக்கும் காலத்தில் தாழ்ந்த மணற்றிடல்களுக்கு நேரக்கூடியதை நம் கடற்பரப்பிலேயே கண்டிருக்கின்றோம். 1964 டிசெம்பர் 22, 23-ஆந் திகதிகளில் வீசிய சூறாவளியின்போது, நெடுந்தீவுக்குத் தென்மேற்கே தமிழ்நாட்டின் கரையில் இருந்த தனுஷ்கோடி கடலில் மூழ்கி அழிந்தது. அத்தகைய பேரலையை எந்த மேடும் முழுவதாகத் தடுத்துவிடும் என்று கூறுவதற்கில்லை. ஆயினும், உயர்ந்து செடி மூடி நிற்கும் மேடு இருக்கும்போது கடல்நீர் வயலுக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் ஏறும் நிகழ்ச்சிகள் குறையும். ஒருமுறை உவர்நீர் புகுந்த கிணறு தெளிவதற்குப் பல மாரிகள் செல்லக்கூடும்.

குளமும் கேணியும் தரவையும்

தீவகத்துக் குளங்கள் பெரும்பாலும் சிறியவை, கோடையில் வற்றுபவை. வற்றும் குளத்தாற் பயனில்லை என்று சிலர் எண்ணுவர். இது தவறு. குளத்தில் நின்ற நீரில் ஒரு பகுதி ஆவியானது. மற்றொரு பகுதி நிலத்துள் இறங்கி அயற்கிணறுகளின் நீரை உயர்த்தியது. குளம் நிரம்பிய ஆண்டில் சுற்றியுள்ள கிணறுகளின் நீர் சுவை மாறாது நெடுநாள் நிற்பதை நீங்களே கவனித்துப் பாருங்கள்.

குளம் தன் வேலையைச் செய்யவேண்டுமாயின், மழைநீர் அதனை வந்தடைய வேண்டும். பழைய நாளில் வளவுகளின் ஓரமாக வெள்ளவாய்க்கால்கள் இருந்தன. ஓலை வேலியும் கதியால் வேலியும் வெள்ளத்தைத் தடுப்பதில்லை. இப்பொழுது பல இடங்களிற் சீமெந்து மதில்கள் எழுந்துள்ளன, வீதிகள் உயர்த்தப்பட்டுள்ளன. மதிலுக்கு நீர்வழி விடாமலும் வீதிக்கு மதகு வைக்காமலும் விட்டால், ஒரு புறத்தில் வெள்ளம் தேங்கிப் பயிர் அழுகும். மறுபுறத்திற் குளம் வெறுமையாகும். குளத்தை எத்துணை ஆழமாகத் தூர்வாரினும் வாய்க்கால் அடைபட்டிருந்தால் பயனில்லை.

தூர்வாருவதிலும் அளவு வேண்டும். கோடையில் வண்டலை அள்ளி வயலுக்கும் தோட்டத்துக்கும் இடுதல் நம் பழைய வழக்கம். அதனாற் குளமும் ஆழமாகும், மண்ணும் வளமாகும். ஆனால் களிப்படையை முற்றாக அகற்றிக் கல் தெரியத் தோண்டினால், நீர் விரைவில் வடிந்து மாடுகளுக்குக் குடிக்க நீரில்லாமற் போகும். கடலுக்கு அண்மையில் மிக ஆழமாகத் தோண்டினால் உவர்நீர் ஊறும். ஆதலின் தூர்வாருமுன் ஆலோசனை பெறுதல் நலம்.

தரவை என்பது பயனற்ற வெறுநிலம் அன்று. மாரியில் வெள்ளத்தை ஏற்றுத் தாங்குவதும், கடலுக்கும் வயலுக்கும் இடையே இடைவெளியாய் நிற்பதும், மாரி கழிந்தபின் புல் தருவதும் அதுவே. நெடுந்தீவில் இதனைத் தெளிவாகக் காணலாம். அங்கு மாடும் ஆடும் மேய்வதோடு, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களிற் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை என்று கருதப்படும் குதிரைகளும் கட்டின்றித் திரிகின்றன. 2015-ஆம் ஆண்டில் அத்தீவின் 1,846 ஹெக்டேயர் நிலம் தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. புல்லும் குடிநீர்க் குட்டையும் அருகருகே இருந்தாலன்றித் தரவை கால்நடைக்குப் பயன்படாது. புல் ஒரு கோடியிலும் நீர் மறு கோடியிலும் இருக்குமாயின், வைகாசி ஆனி வெயிலில் விலங்குகள் இரண்டுக்குமிடையே நடந்தே மெலிந்துவிடும்.

தரவையிற் பகலில் மேய்ந்த மாட்டை இரவில் வயலிற் பட்டியடைத்தால், தரவையின் வளம் வயலுக்கு வந்துசேரும். பட்டியைச் சில நாளைக்கு ஒருமுறை இடமாற்றி அடைத்தால் எருவும் சலமும் வயல் முழுவதும் பரவும். தரவையை மூடிவிட்டால் இழப்பது புல்லை மாத்திரமன்று. வயலுக்கு வரும் எருவையும் இழக்கின்றோம்.

பனையும் வேலியும் கல்மதிலும்

வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை சோளகக் காற்று தீவகத்தைத் தாக்குகின்றது. அது மண்ணின் ஈரத்தை உறிஞ்சுகின்றது. கடலின் உப்புத் திவலையைப் பயிர்மேற் கொண்டுவந்து தெளிக்கின்றது. மெல்லிய மேல்மண்ணையும் வாரிச்செல்கின்றது. இதனைத் தணிப்பது பனந்தோப்பும் வேலியுமேயாகும்.

நன்கமைந்த மரவரிசையொன்று, தன் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரம் வரையில் காற்றின் வேகத்தைக் குறைக்கும். 60 அடி உயரமான பனைவரிசை ஏறத்தாழ 600 அடி தூரத்துக்கு நிழலாகும் என்று சொல்லலாம். இது வெயில் நிழலன்று, காற்று நிழல். ஆனால் வளர்ந்த பனையின் அடிமரம் வெறுமையானது. காற்று அதன் கீழே புகுந்து ஓடும். எனவே பனையின் கீழ் வடலியும், அதனையடுத்துப் பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவை முதலியவற்றின் உயிர்வேலியும் இருத்தல் வேண்டும். வடலியை அழித்துத் "தோப்பைத் துப்புரவாக்கினேன்" என்று மகிழ்பவர், காற்றுக்கு வாயில் திறந்துவிட்டவராவர். ஐம்பது ஆண்டின்பின் வரவேண்டிய பனைகளையும் அவர் அழித்துவிட்டார்.

நெடுந்தீவின் வேலிகள் வேறு வகையானவை. அங்கு கடற்பாறைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கி வளவுகளைச் சூழ மதில் எழுப்பியுள்ளனர். இதனால் மூன்று பயன்கள் உண்டு. மண்ணிற் கிடந்த கற்கள் அகற்றப்பட்டன. அலையும் கால்நடைகளிலிருந்து பயிர் காக்கப்பட்டது. கல்லிடுக்குகளாற் காற்று சல்லடையிட்டதுபோல் தணிந்து உட்செல்கின்றது. முழுவதும் மூடிய சீமெந்து மதிலோ காற்றை மேலெழுப்பி மறுபுறத்திற் சுழலச் செய்கின்றது. சுழற்காற்றில் மதிலோரப் பயிர் சாய்வதைப் பலர் கண்டிருப்பர். ஆகவே பழைய கல்மதில் சரிந்தால் அதே கல்லால் மீண்டும் அடுக்குவதே செலவுக்கும் பயிருக்கும் நன்று.

உயிர்வேலி தரும் குழையும் சிறிதன்று. பூவரசங் குழை, சீமைக்கிளுவைக் குழை, காவிளாய் முதலியனவும் பனையோலையும் மண்ணிற் புதைக்கப்படும்போது, மண் ஈரத்தைப் பிடிக்கும் வலிமை கூடுகின்றது. அதனால் இறைப்புக் குறைகின்றது. இறைப்புக் குறைந்தாற் கிணறு தப்புகின்றது. வேலிக்கும் கிணற்றுக்கும் இவ்வாறு ஒரு தொடர்பு உண்டு.

வேலியிற் பூக்கும் முருங்கை முதலியவற்றை நாடித் தேனீக்கள் வருகின்றன. பூசணி, பாகல், வெள்ளரி ஆகியவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் வேறு வேறாகையாற் தேனீயின்றிக் காய் பிடியாது. பனையின் உச்சியில் தங்கும் கூகை இரவிலே தோட்டத்து எலிகளைப் பிடிக்கின்றது. தோட்டத்துக்கு அண்மையில் இவற்றுக்கு இடமிருந்தால் மாத்திரமே இவ்வுதவி கிடைக்கும்.

கண்டலும் சாதாழையும்

மண்டைதீவு, அல்லைப்பிட்டி முதலிய இடங்களின் அமைதியான கரைகளிற் கண்டல் மரங்கள் வளர்கின்றன. அவற்றின் வேர்களிடையே சேறு படிகின்றது. அலையின் வேகம் தணிகின்றது. இறாலும் மீன்குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. அவை வளர்ந்தபின் கடற்புல் நிறைந்த ஆழமற்ற கடலுக்குச் செல்கின்றன. ஆகையாற் கண்டலிருந்து, கடற்புல்லும் இருந்து, இரண்டிற்குமிடையே நீரோட்டமும் தடையின்றி இருந்தால்தான் வலையில் மீன் விழும். தீவுகளை இணைக்கும் கடற்பாதைகளிற் பாலக்கண்கள் தூர்ந்துவிடாமற் காப்பது இதனாலேயே முக்கியமாகின்றது.

கடற்புல் கரையொதுங்கும்போது அதனை நாம் சாதாழை என்கின்றோம். புகையிலைக்கும் தென்னைக்கும் சாதாழையைப் பசளையாக இடுதல் தீவகத்தாரின் பழைய வழக்கம். அதனை மாரி மழையிற் கழுவவிட்டு, உப்பு நீங்கியபின் இடுதல் வேண்டும். கரையில் ஒதுங்கியது முழுவதையும் வாரிவிடாமற் பாதியேனும் விட்டுவையுங்கள். அக்குவியலே மணலை அலை கரைக்காமற் காக்கின்றது; அடம்பன் கொடிக்கும் அதுவே உரமாகின்றது.

ஆளில்லாக் காணிகள்

1990-ஆம் ஆண்டின் பின்னர் போரினால் தீவகக் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தன. திரும்பி வந்தோர் பலர். வெளிநாடுகளிலேயே தங்கிவிட்டோரும் பலர். ஆதலால், உடையவர் இல்லாத காணிகள் இன்று ஊர்தோறும் உள்ளன. அவற்றிற் கிணறு இடிந்து கிடக்கின்றது, வாய்க்கால் தூர்ந்துவிட்டது, வேலி அழிந்துவிட்டது. ஒருவருடைய காணி தரிசானால் அது அவருக்கு மாத்திரம் நட்டம் என்று எண்ணற்க. அக்காணியூடாகக் குளத்துக்குச் சென்ற வெள்ளம் நின்றுவிட்டது. அங்கு நின்ற வேலி உங்கள் தோட்டத்துக்குக் கொடுத்த காற்றுத் தடுப்பும் போய்விட்டது. எனவே, வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு எழுதும்போது, வளவைத் துப்புரவாக்கக் கேட்பதோடு நில்லாது, வாய்க்காலைத் திறப்பதற்கும் வேலியோரம் கதியால் நடுவதற்கும் அவர்தம் சம்மதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஒன்று கூடினால் ஒன்று குறையும்

எல்லாப் பயன்களையும் ஒரே இடத்தில் ஒரே அளவிற் பெற முடியாது. வேலியை ஒட்டிய ஒன்றிரண்டு வரிசைப் பயிர் நிழலாலும் வேராலும் சிறிது குறைவாக விளையும். ஆனால் உள்ளே உள்ள பயிர் காற்றுக்குத் தப்பும். ஆட்டுக்கு மிகுதியாகக் குழை வெட்டினாற் சோளகத்தின்போது வேலி வெறுமையாகும். குடிநீர்க் கிணற்றுக்கு அருகே இரசாயனப் பசளையை மிகுதியாக இட்டால், விளைவு கூடினும் நைத்திரேற்று நீருடன் இறங்கிக் குடிநீரைக் கெடுக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இத்தீங்கு காணப்பட்டுள்ளது. வெடிப்புள்ள சுண்ணாம்புக் கல் நீரை வடிகட்டித் தருவதில்லை. ஆதலின், எந்த இடத்தில் எந்தப் பயன் முதன்மையானது என்பதைத் தீர்மானித்து, அதற்கேற்ப நடத்தலே அறிவுடைமை. மணல்மேட்டில் நீரே முதன்மை. அங்கு பயிரும் கட்டடமும் பின்னர்.

நீங்கள் செய்யவேண்டியவை

1. உங்கள் காணியின் படமொன்றைக் கையாலே வரையுங்கள். கிணறு, மேடு, பள்ளம், வேலி, வெள்ளம் வரும் வழி, வெள்ளம் போகும் வழி, கடலிருக்கும் திசை ஆகியவற்றைக் குறியுங்கள். மாரியில் ஒருமுறை குடைபிடித்து நடந்து பார்த்தால் வெள்ளத்தின் வழி தெரியும்.

2. கிணற்றை ஆழமாக்காதீர்கள். ஒரே முறையில் நெடுநேரம் இறைப்பதை விடுத்து, காலையிலும் மாலையிலும் சிறிது சிறிதாக இறையுங்கள். இயலுமாயின் அயலவருடன் பேசி முறைவைத்து இறையுங்கள்.

3. மாரி முடிவிலும் கோடை நடுவிலும் கிணற்று நீரின் உப்பை அளப்பியுங்கள். மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.2 டெசிசீமன்சைத் தாண்டும்போதே வெங்காயத்தின் விளைவு குறையத் தொடங்கும். பீற்றூட் 4 வரை பொறுக்கும். உப்பு ஏறும் தோட்டத்திற் பயிரை மாற்றுங்கள். நீரை மேலும் இறைத்துப் பயிரைக் காப்பாற்ற முயலாதீர்கள்.

4. பாத்திகளை வைக்கோல், சருகு, ஓலை கொண்டு மூடுங்கள். குழையும் எருவும் இடுங்கள்.

5. புரட்டாசி முடியுமுன் வெள்ளவாய்க்காலைத் துப்புரவாக்குங்கள். மதில் கட்டுவோர் அடியில் நீர்வழி விடவேண்டும்.

6. ஆவணி, புரட்டாசியில் விழும் பனங்கொட்டைகள் எல்லாவற்றையும் கிழங்குப் பாத்திக்கே இட்டுவிடாமல், ஒரு பகுதியைச் சோளகம் வரும் பக்கத்து எல்லையில் ஊன்றுங்கள். வளர்ந்த பனையை வெட்டுவதற்கு அனுமதி பெறவேண்டும் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

7. மழை தொடங்கும் காலத்திற் பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவைக் கதியால்களை நெருக்கமாக நடுங்கள். ஓராண்டில் வேலியின் ஒரு பாதியில் மாத்திரமே குழை வெட்டுங்கள்.

8. மணல்மேட்டிலிருந்து மணல் அள்ளாதீர்கள், அள்ள இடங்கொடாதீர்கள். அடம்பன் கொடியையும் தாழையையும் கண்டலையும் வெட்டாதீர்கள்.

9. மலகூடக் குழியையும் எருக்குழியையும் குடிநீர்க் கிணற்றிலிருந்து இயன்றவரை தூரத்தில் அமையுங்கள்.

10. தரவையில் மண் நிரப்புதல், புதிய வீதி, குளந் தோண்டுதல் ஆகிய வேலைகள் ஊரில் தொடங்குமுன், கமக்கார அமைப்பின் கூட்டத்தில் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இதனால் யாருடைய கிணற்றுக்கு என்ன நேரும்?" விடை தெரியாவிடில் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகுங்கள்.

முடிவுரை

கமக்காரர்களே! பெருநிலத்தில் வாழ்வோருக்கு ஓரிடத்து நீர் கெட்டால் வேறிடம் உண்டு. தீவிலுள்ளோருக்கு நாற்புறமும் கடலே உண்டு. மணல்மேட்டின் மழை கிணற்றுக்கும், தரவையின் புல் வயலுக்கும், வேலியின் குழை பாத்திக்கும், கண்டலின் நிழல் வலைக்கும் வந்துசேரும் வரையில்தான் தீவில் குடியும் கமமும் நிலைக்கும். இவற்றுள் ஒன்றேனும் தனியொருவரின் காணிக்குள் அடங்குவதில்லை. ஒருவர் மாத்திரம் சிக்கனமாக இறைத்து, மற்றவர் அனைவரும் வரம்பின்றி இறைத்தால் பயனில்லை. ஒருவர் வாய்க்காலைத் திறந்து, அடுத்தவர் அடைத்தாலும் பயனில்லை.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம் ஊர்ப் பழமொழி. தனித்து நின்றால் ஆடும் கடித்துப்போகும் கொடி, திரண்டு படர்ந்தால் மணல்மேட்டையே தாங்குகின்றது. இவ்வாண்டு மாரி தொடங்குமுன், உங்கள் வேலிக்கு அப்பாலுள்ள அயலவரை அழைத்து, இருவர் காணிக்கும் பொதுவான வெள்ளவாய்க்காலை இருவருமாகச் சேர்ந்து துப்புரவாக்கத் தொடங்குங்கள்.